முப்பது வருஷத்துக்கு ஒரு வரி

மருந்துக்கடைக்காரர் தன் கைப்பேசியை மேஜைமேல் வைத்தார். பாம்புப் பெட்டியை இறக்கி வைப்பவர் போல மெதுவாக வைத்து, விரல்களை இழுத்துக்கொண்டார்.

“இதுல என் மனைவியோட வாழ்க்கைக் கதை இருக்கு” என்றார்.

“முழுசாவா?” என்று கேட்டான் வால்.

“அதுல நான் இல்ல. அப்புறம் எப்படி முழுசா இருக்கும்?”

அந்த அறை ஒரு தையற்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜையும் கூடவே நடுங்கும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை அந்த வட்டாரம் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளைக் காதில் ஹெட்ஃபோனோடு கழித்தவர். எக்ஸ்சேஞ்சை இழுத்து மூடியதும் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். “முன்னாடி ஊர்ப் பேச்சைச் சம்பளத்துக்குக் கேட்டேன், இப்போ சொந்தமா கேட்கிறேன்” என்பார். வால் அவருடைய கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் செய்த சேட்டைக்காக வந்த பெயர். இப்போது ஆட்களுக்குப் பின்னாலேயே போவது வேலையாகிவிட்டதால், பெயரும் தொழிலும் ஒன்றாகிவிட்டன.

“விஷயத்தை முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் அக்கா.

மருந்துக்கடைக்காரர் சொன்னார். அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைப் பேசிப் பதிவு செய்து, அது அவர்களுடைய குரூப்பில் வந்துகொண்டிருந்தது. போன வாரம் இவளுடைய முறை.

“அது உங்க ஃபோனுக்கு எப்படி வந்தது?”

“அவ குளிக்கப் போனப்போ, அவ ஃபோன்லேருந்து எடுத்துக்கிட்டேன்.”

“அக்கா, தொழில்ல நமக்குப் போட்டி வந்தாச்சு” என்றான் வால்.

மருந்துக்கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. பொத்தானை அழுத்தினார். அறைக்குள் ஒரு பெண்குரல் வந்தது. நிதானமான, சிரிப்பை உள்ளே ஒளித்துவைத்த குரல்.

“…கிளாஸ்ல ஏணின்னு ஒருத்தன். அவன்தான் எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தான். பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவான். ஒரு நாள் திரும்பிப் பார்க்கிறேன், எங்கயோ தூரத்துல நின்னு கைதட்டுறான். நான் தனியா ஓட்டிக்கிட்டிருக்கேன். அன்னிக்குப் பட்ட சந்தோஷம் இருக்கே… அப்புறம், கல்யாணம் ஆச்சு. பயந்தாங்கொள்ளியா வீட்டுக்குள்ள கிடந்தவளைக் கார் ஓட்ட வெச்சது அவங்கதான். அவங்க இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல.”

அவர் நிறுத்தினார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

“கேட்டீங்களா? கல்யாணம் ஆச்சு. அவ்வளவுதான். முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவனுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் அரை வரி. இருமல் மருந்து பாட்டில்ல கூட இதைவிட அதிகமா எழுதியிருக்கும். அடுத்த வரியிலேயே ‘அவங்க’ வந்தாச்சு. யாரு அந்த அவங்க?”

“நீங்களே ஏன் இருக்கக் கூடாது?” என்றார் அக்கா.

“என்னை ‘இவரு’ன்னுதான் சொல்வா. கோபம் வந்தா ‘உங்கப்பா’ன்னு பசங்ககிட்ட சொல்வா. ‘அவங்க’ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.”

“சரி, அந்த ஏணியைத்தான் சந்தேகப்படறீங்க. ஆனா அவரை முதல் வரியில ‘அவன்’னு சொல்றாங்க. அதே ஆளு அடுத்த மூச்சுல எப்படி ‘அவங்க’ ஆவாரு?”

“மரியாதை கூடிப்போச்சு” என்றார் மருந்துக்கடைக்காரர் இருண்ட முகத்தோடு. “அதுதான் எனக்குத் தாங்கல.”

வால் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடுவது போல மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அக்கா பழைய பழக்கமாக ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க வீட்ல வாஷிங் மெஷின் எங்க இருக்கு?”

“குளியலறையில. கதவைச் சாத்தினா சத்தமே வெளியில வராது. ஏன்?”

“சும்மாதான்.”

“அக்கா ‘சும்மா’ன்னு சொன்னா வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்” என்றான் வால். “நீங்க வீட்டுக்குப் போங்க சார். நாங்க அந்த ஏணியைப் பார்த்துட்டு வரோம்.”

“நானும் வரேன். கடையில உட்கார முடியல. மாத்திரை எண்ணும்போதுகூட அந்த ‘அவங்க’தான் காதுல கேக்குது.” எழுந்து நின்றார். “யாருன்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அவ அந்தக் கூட்டத்துக்குப் போக மாட்டா. அன்னிக்கு என் தங்கச்சி வீட்ல விசேஷம்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்ன விசேஷம்?”

“அதை இன்னும் தங்கச்சிகிட்ட சொல்லல” என்றார்.

ஏணி இப்போது லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார்.

“ஏணி லிஃப்ட்டாயிடுச்சு. இதைத்தான் முன்னேற்றம்னு சொல்றது” என்றான் வால், படியேறிக்கொண்டே.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. திறந்த கதவுக்குள் இருட்டு. அந்த இருட்டில், லிஃப்ட்டின் தலைமேல் மண்டியிட்டு ஒரு மனிதர் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். வாயில் டார்ச்சு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. மருந்துக்கடைக்காரர் ஒரு வாரமாக மனசுக்குள் ஒருவனை வளர்த்து வைத்திருந்தார். நெடுநெடுவென்று, சுருள்முடியோடு. வெளியே ஏறி வந்தவருக்கு முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தாழ்ந்த இடங்களிலேயே வேலை பார்த்து முதுகு வளைந்து, அந்த உயரமும் கேள்விக்குறி ஆகியிருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் அந்த மனிதர் சிரித்தார். பல்வரிசை நன்றாக இருந்தது. குளுகுளுப்பு போய்விட்டது.

“உங்க கிளாஸ் சந்திப்பு விஷயமா வந்திருக்கோம்” என்று பொதுவாகச் சொல்லி, அக்கா சைக்கிள் பேச்சை எடுத்தார்.

“சைக்கிளா? யாருக்குங்க?” ஏணி கைகளைத் துணியில் துடைத்தார். “எங்கப்பா வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. கிளாஸ்ல பாதிப் பேருக்கு நான்தான் கத்துக்கொடுத்தேன். கத்துக்கிட்டாத்தானே கடைக்கு ஆள் வரும்?”

“ரெட்டைச் சடை போட்டிருப்பா” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எல்லாரும்தான் போட்டிருந்தாங்க.”

“சிரிச்சா கன்னத்துல குழி விழும். கணக்குல கெட்டி. ஓட்டக் கத்துக்கிட்ட அன்னிக்கு நீங்க தூரத்துல நின்னு கைதட்டினீங்க.”

ஏணி யோசித்தார். மண்டையைச் சொறிந்ததில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. “எல்லாருக்கும்தாங்க கைதட்டுவேன். ஞாபகம் வரலையே. குரூப்ல வர்ற கதையெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லீங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“இவர் அவங்களோட தீவிர ரசிகர்” என்றான் வால்.

மருந்துக்கடைக்காரருக்கு இப்போது வந்த கோபத்துக்கு அவருக்கே காரணம் பிடிபடவில்லை. எவன் அவளை மறக்காமல் இருக்கிறானோ என்று ஒரு வாரம் தூங்கவில்லை. எதிரே ஒருவன் அவளைச் சுத்தமாக மறந்துவிட்டு நிற்கிறான். அதுவும் பொறுக்கவில்லை.

“நல்லா யோசிச்சுப் பாருங்க சார்” என்றார் குரல் உயர. “அவ்வளவு லேசா மறக்கிற முகம் இல்ல அது.”

அக்கா குறுக்கே புகுந்தார். “உங்க கதையை எங்க ரெக்கார்ட் பண்ணினாங்க?”

“லீடர் வீட்லதான். எங்க கிளாஸ் லீடர், இப்பவும் எல்லாத்துக்கும் அவதான் முன்னால நிப்பா. ஹால்ல உட்கார வெச்சு, சட்டையில மைக் மாட்டி… எல்லாரும் அங்கதான் போய்ப் பேசினோம். நான் லிஃப்ட் கயிறு பத்தி மட்டுமே அரை மணி நேரம் பேசியிருக்கேன். ஒரு வார்த்தை வெட்டாம அப்படியே போட்டுட்டா.” மறுபடி அந்தப் பல்வரிசை தெரிந்தது. “கேட்டவங்கதான் பாதியில வெட்டிக்கிட்டு ஓடியிருப்பாங்க.”

காரில் வால் ஓட்ட, அக்கா முன்னால் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் பின்சீட்டில் ஓரமாக ஒடுங்கியிருந்தார்.

“அவ வீட்லேருந்து பேசினதாத்தான் நினைச்சேன்” என்றார். “லீடர் வீட்டுக்குப் போனதை என்கிட்ட சொல்லவே இல்ல.”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?” என்றார் அக்கா.

மருந்துக்கடைக்காரர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். “இப்போ எங்க போறோம்?”

“லீடர் வீட்டுக்கு.”

“இன்னொரு நாள் போகலாமே. எனக்கு லேசா தலைவலிக்குது.”

“மருந்துக்கடைக்காரருக்கே தலைவலியா?” என்றான் வால். “அப்போ நாங்கல்லாம் யார்கிட்ட போறது?”

அக்கா அந்தப் பதிவைக் காருக்குள் ஓடவிட்டார். “இப்போ உங்க மனைவி குரலைக் கேக்காதீங்க. கஷ்டம்தான், ஆனா முயற்சி பண்ணுங்க. பின்னால என்ன சத்தம் வருதுன்னு பாருங்க.”

மருந்துக்கடைக்காரர் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டினார். சைக்கிள் கதைக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. ‘அன்னிக்குப் பட்ட சந்தோஷம் இருக்கே’ என்னும்போதும் தண்ணீர்தான். ‘அப்புறம், கல்யாணம் ஆச்சு.’ அவ்வளவுதான், தண்ணீரைக் காணோம். ‘பயந்தாங்கொள்ளியா’ என்று தொடங்கும்போது விர்ரென்று ஏதோ வேகமாகச் சுற்றுகிற ஓசை. அவள் ‘அவங்க இல்லேன்னா’ என்று முடிக்கும்போது அது அடங்கி, பீப் பீப் என்று கத்தியது.

“வாஷிங் மெஷின்” என்றார் அக்கா. “சைக்கிள் ஓட்டும்போது தண்ணி நிரம்புது. கல்யாணம் ஆன உடனே பிழியுது. நடுவுல ஊறணும், துவைக்கணும், அலசணும். அதெல்லாம் எங்க?”

“ஒரே மூச்சுல ஒரு லோடு துணியைத் துவைக்கிற மெஷின் இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு அக்கா” என்றான் வால்.

மருந்துக்கடைக்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “வெட்டியிருக்காங்களா?”

“ஒரு லோடு துணி துவைக்கிற நேரத்துப் பேச்சைக் காணோம். கல்யாணத்துக்கு அப்புறம் தொடங்கி, அந்த அவங்க வரைக்கும். லிஃப்ட் கயித்தையே வெட்டாத கை, இதை மட்டும் ஏன் வெட்டிச்சு?”

லீடரின் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து தரப்படும் என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில், பழைய வீடியோக்களில் வேண்டாதவர்களை நீக்கித் தரப்படும் என்று இருந்தது. வால் அதை இரண்டு தரம் படித்தான்.

“சண்டை போட்ட சித்தப்பாவைப் பந்தியிலேருந்து தூக்கிடுவாங்க போலிருக்கு” என்றான். “இலை மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டாரு.”

கதவைத் திறந்தவளுக்கு மருந்துக்கடைக்காரர் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன். மற்ற இருவரையும் விட்டுவிட்டு மருந்துக்கடைக்காரரை மட்டும் பார்த்தாள்.

“வாங்க” என்றாள். “வழி தெரிஞ்சுதா?”

ஹாலில் ஒரு நாற்காலிக்கு எதிரே மைக் நின்றது. பக்கத்து நடையில், கதவில்லாத இடத்தில், வாஷிங் மெஷின். அக்கா போய் அதன் மூடியைத் தட்டிக்கொடுத்தார்.

“நல்ல மெஷின். பொய் சொல்லத் தெரியல” என்றார்.

லீடர் அவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “வழக்கமா மேல ஒரு பாட்டைப் போட்டு மூடிடுவேன். இதுல அவ குரலுக்கு மேல பாட்டு போட மனசு வரல. அதான் மாட்டிக்கிட்டேன்.”

“என்னை வெட்ட நீங்க யாரு?” என்றார் மருந்துக்கடைக்காரர். “அவ வாழ்க்கையிலேருந்து என்னைத் தூக்கி எறிய உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

“வலிக்குதா?” என்று கேட்டாள் லீடர், அமைதியாக. “எனக்கும் அப்படித்தான் வலிச்சுது. நானும் அவளும் ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சு. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவ ஒரு தடவை கூட இந்த வீட்டுப் படி ஏறல. நான் வந்தா நீங்க முகத்தைத் திருப்பிக்குவீங்க. ஃபோன் பண்ணினா பக்கத்துலயே நிப்பீங்க. அப்படி நான் உங்களை என்ன பண்ணினேன்?”

அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இவள் வீட்டுக்கு வருவாள். அவர் மனைவி பாதி வார்த்தை சொன்னால் மீதியை இவள் சொல்வாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடுவில் அவர், அகராதி இல்லாத பிற பாஷைக்காரர் போல உட்கார்ந்திருப்பார். தன்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதை இந்த ஹாலில், இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

“இத்தனை வருஷம் கழிச்சு வந்தா” என்றாள் லீடர். “துணியை மெஷின்ல போட்டுட்டு, காபி கலந்து குடுத்துட்டு, சொல்லுடின்னு எதிர்ல உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சா. என் பேரு ஒரு தடவை வந்துச்சு. ‘லீடர் என் உயிர்த்தோழி.’ ஒரே ஒரு வரி. அப்புறம் உங்க கதை தொடங்கிச்சு. மெஷின் நிக்கிற வரைக்கும் உங்க கதைதான். எனக்கு ஒரு வரின்னா உங்களுக்கும் ஒரு வரின்னு வெச்சுட்டேன். நீளம் ஜாஸ்தி, கொஞ்சம் குறைச்சிருக்கேன்னு அவகிட்ட சொன்னேன். தன் குரலைக் கேட்டா அவளுக்குக் காது கூசும், அதனால கேட்டே பார்க்கல.”



லீடர் கம்ப்யூட்டரைத் திருப்பி, வெட்டிய பகுதியை ஓடவிட்டாள். தண்ணீர் சளசளத்தது. பிறகு துணி புரளும் சத்தம். அதற்கு மேலே, தெளிவாக, அவர் மனைவியின் குரல்.

“…இவரு நல்லவருதான்டி. எனக்கு டைபாய்டு வந்தப்போ கடையைப் பூட்டிட்டுப் பக்கத்துலயே கிடந்தாரு. ஆனா பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமை. முதல்ல அதைப் பாசம்னு நினைச்சேன். அப்புறம் வியாதின்னு நினைச்சேன். உன் வீட்டுக்குப் போறேன்னு சொன்னா போதும், தலைவலி வந்துடும். மருந்துக்கடை வெச்சிருக்கவருக்கு, கடையில மருந்தில்லாத தலைவலி. நான் கார் ஓட்டக் கத்துக்கறேன்னு சொன்னப்போ, சொல்லிக்குடுக்கிறது ஆம்பளைன்னு வேண்டாம்னுட்டாரு. லைசன்ஸ் கைக்கு வந்தப்புறம்தான் இவருக்கு விஷயமே தெரியும். எங்க மாமியார்தான், இவரு கடைக்குக் கிளம்பினதும் கதவைத் திறந்து விடுவாங்க. ‘நீ போய் ஓட்டு, அவனை நான் பார்த்துக்கறேன்’னு…”

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா. அந்த ‘அவங்க’ அவருடைய அம்மா. செத்துப்போகிற வரை அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குரல் போய்க்கொண்டே இருந்தது. திட்டினாள், சிரித்தாள், அவர் நடையை நடித்துக் காட்டினாள் போலிருக்கிறது, அங்கே லீடரின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. மெஷின் அலச ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்தது.

“இந்த சந்திப்புக்கு இவரையும் கூட்டிட்டு வரப்போறேன். முன் வரிசையில உட்கார வெக்கப்போறேன். வர மாட்டேன்னா, நான் மட்டும் வருவேன். இந்தத் தடவை யாருக்குத் தலைவலின்னாலும் நான் நிக்கப்போறதில்ல. எங்க மாமியார் இருந்திருந்தாலும் போன்னுதான் சொல்லியிருப்பாங்க.”

லீடர் நிறுத்தினாள். “இப்போ சொல்லுங்க. வெட்டினதே குரூப்ல இருக்கட்டுமா, முழுசா போடட்டுமா? முழுசா போட்டா உங்க தலைவலி கிளாஸ் முழுக்கத் தெரிஞ்சிடும்.”

ஒரு வரியில் இருந்தால் கௌரவமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கல்யாணம் ஆச்சு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

“போடுங்க” என்றார். “எங்கம்மா அதுல இருக்காங்க.” கொஞ்சம் பொறுத்து, “நானும் இருக்கேன்” என்றார்.

லீடர் விரலைக் கொண்டுபோனாள். விரல் தயங்கியது. தனக்கு ஒரே வரிதான் என்பதும் கிளாஸ் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அழுத்திவிட்டாள்.

“அக்கா, கிளம்பலாம்” என்றான் வால் மெல்ல. “இனிமே நடக்கப்போறது துப்பு இல்ல, குடும்பம்.” இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் லீடரின் கைப்பேசி அலறியது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏன்டி இப்போ முழுசையும் போட்டே? இவரு காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?”

லீடர் அவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். “போயாச்சு” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “எங்க இருக்கீங்க?”

“உன் சிநேகிதி வீட்ல.”

கார்ச் சாவி குலுங்கியது. “அங்கயே இருங்க. ரெண்டு பேரும்.”

இருவரும் வாசலில் போய் நின்றார்கள். தெருமுனையில் ஒவ்வொரு கார் திரும்பும்போதும் இருவரும் ஒரே சமயத்தில் கழுத்தை நீட்டினார்கள். அவள் முதலில் யார் முகத்தைப் பார்ப்பாள் என்ற கவலை அவருக்கு இருந்தது. பக்கத்தில் நிற்பவளுக்கும் அதே கவலை என்பது, அவள் ஓர் அடி முன்னால் தள்ளி நின்றதிலேயே தெரிந்தது. அவரும் ஓர் அடி முன்னால் போய் நின்றார்.

கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு அந்தச் சின்னக் கார் வந்து நின்றது. மனைவி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, நேரே சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஏறுங்க.”

இருவரும் முன்கதவுக்குக் கையை நீட்டினார்கள்.

“பின்னாடி” என்றாள் அவள்.

முன்சீட்டில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. அதற்கு பெல்ட்டும் போட்டிருந்தாள்.